தன் பெட்டியைத் தானே கட்டியவன்

நான்கைந்து வருடங்களுக்கு முன் நடந்தது இது. இடவப்பாதி என்று இங்கே சொல்கிற தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். நேரம் மதியம்தான், ஆனால் வானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கிடங்குக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள், அந்த விளக்குகளும் ஏதோ கடமைக்கு எரிவதுபோல எரிந்துகொண்டிருந்தன.

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இந்தக் கேள்வியை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கரமனையில் பழைய அக்கிரகாரத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் உத்தியோகம். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளுக்கும் இங்கிருந்து போகும் பெட்டிகளுக்கும் காகித வேலை பார்ப்பவன். எங்கள் குடும்பத்தில் மீன் என்ற சொல்லை ராசிபலன் படிக்கும்போது மட்டும்தான் உச்சரிப்போம். அப்படிப்பட்டவனுக்கு அலுவலகம் ஒதுக்கிக் கொடுத்தது மாலத்தீவு மீன்.

மாலத்தீவு என்பது உலகப்படத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் மொத்தமாக மறைந்துபோகிற நாடு. இங்கிருந்து விமானம் ஏறினால், கொடுத்த பலகாரத்தைத் தின்று முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். விற்பதற்கு அவர்களிடம் கடற்கரை இருக்கிறது, சூரை மீன் இருக்கிறது, வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மீனை அவர்கள் பிடிக்கிற விதம் தனி. வலை வீசி அள்ள மாட்டார்கள். படகின் பின்பக்கம் வரிசையாக நின்று தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். ஒரு கம்பு, ஒரு ஆள், ஒரு மீன். இதற்கென்றே ஐரோப்பாவில் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் கடல், எந்தப் படகு, எப்போது பிடித்தது என்று தெரிந்தால்தான் அவர்கள் வாயில் வைப்பார்கள். எங்கள் தெருவில் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

அந்த ஏற்றுமதியாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு விளம்பரத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தது அடியேன்தான். ‘நாவில் வைத்ததும் கரையும் மென்மை’ என்றெல்லாம் வர்ணித்திருந்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, பால் பாயசத்தை மனதில் நிறுத்தி எழுதியது. இதை எழுதியவர் மீனின் ஆன்மாவை அறிந்தவர் என்று ஐரோப்பாவிலிருந்து ஒரு சமையல்காரர் பாராட்டியதாகக் கேள்விப்பட்டேன். இலக்கியத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அதுதான்.

பெரிய மீன்களை முழுசாக, வெள்ளைத் தாளில் சுற்றி, ஐஸ் வைத்து, ஆள் நீளத்துக்கு இருக்கும் அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து அனுப்புவார்கள். தொழிலில் இந்தப் பெட்டிக்குப் பெயரே ‘காஃபின்’. சவப்பெட்டி. முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. நிஜமான சவப்பெட்டிகளும் அதே கிடங்குக்குத்தான் வருகின்றன. வளைகுடாவுக்கும் தீவுகளுக்கும் வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோகிற நம் ஆட்களின் உடல்கள். அந்தக் காகிதங்களையும் எங்கள் அலுவலகம்தான் பார்க்கும். அதற்குக் கூலி வாங்குவதில்லை. மீன் வந்த நாளில் நான் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உடல் வந்த நாளிலும் அப்படியே. இரண்டும் வந்த நாளில் ஒரு குளியல் போதுமா, இரண்டு வேண்டுமா என்பது பற்றிச் சாஸ்திரத்தில் தெளிவு இல்லை. மனைவிக்குத் தெளிவு உண்டு.

அன்று இரண்டும் ஒரே விமானத்தில் வந்தன.

மீன் இங்கே இறங்கி வேறு விமானத்தில் மேலே, ஐரோப்பாவுக்குப் போக வேண்டியது. மழையால் அந்த விமானம் தாமதம். பெட்டிகளைக் குளிர் அறையில் ஏற்றிவிட்டு, உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதற்காகச் சிலவற்றை மட்டும் வெளியே எடுத்து வராந்தாவில் வைத்திருந்தார்கள். குளிர் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் வெண்ணிறப் புகை தரையோடு தரையாக வந்து காலைச் சுற்றியது. அதே வராந்தாவின் மறுகோடியில், சாக்குத்துணி சுற்றிய இன்னொரு நீளப் பெட்டி. ஒரே அறையில் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை.

காகிதங்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அனுப்பியவர் என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பெயர். மீனுக்கும் மனிதனுக்கும் அனுப்புநர் ஒருவரே. இறந்தவன் அந்த மீன்களைப் பெட்டியில் அடைக்கும் ஷெட்டில் வேலை பார்த்தவன். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். இரண்டு வாரத்துக்கு முன் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று சான்றிதழ் சொன்னது. இவ்வளவு நாள் கையெழுத்துகளுக்காகக் காத்திருந்து, இப்போதுதான் ஊர் வந்திருக்கிறான். மீன் இரண்டே நாளில் வந்துவிட்டது. அதற்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அப்படி.

உடலைப் பெற்றுக்கொள்ள அவனுடைய அண்ணன் வந்திருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். அகன்ற தோள், கழுத்தில் ஜெபமாலை, முழுக்க நனைந்த சட்டை. உறவினர்கள் வெளியே ஆம்புலன்ஸில் இருந்தார்கள். கையெழுத்துப் போட ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். இந்த மாதிரி நேரங்களில் நான் முன்னால் வேகமாக நடந்துவிடுவேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் வேகமாக நடப்பதே மரியாதை என்று வைத்திருக்கிறேன்.

சிறிது தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் மீன்பெட்டிகளின் அருகே குந்தி உட்கார்ந்து, பெட்டியைக் கட்டியிருந்த வெள்ளைக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“சாரே, இது எங்கேருந்து வருது?”

“மாலத்தீவிலிருந்துதான். மீன்.”

“மீனுன்னு தெரியுது. எப்பம் பிடிச்சது?”

“முந்தாநாள்” என்றேன். என் குரலில் துண்டறிக்கையின் பெருமை எட்டிப் பார்த்தது. “ரொம்ப ஃப்ரெஷ்.”

அவர் எழுந்திருக்கவில்லை. “இது எனக்க தம்பி கெட்டுன கெட்டு.”

எனக்குப் பரிதாபமாக இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் இறந்தவர் நினைவு வரும். “கட்டு எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்” என்றேன் மெதுவாக.

“உங்களுக்கு எல்லா மீனும் ஒரே மாதிரி இருக்கும் சாரே.”

நான் அருகே போய்க் குனிந்தேன்.

அவர் முடிச்சை எனக்குக் காட்டினார். அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் மீன்பிடி வள்ளத்தில் சாமானைக் கட்டுகிற முடிச்சு அது. எவ்வளவு நனைந்தாலும் இறுகி நிற்கும். ஆனால் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்தது. எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள். தம்பி மட்டும் இடது கைக்காரன்.

“வீட்டுல நாங்க அஞ்சு ஆம்பிளைங்க. இடத்தாலே சுத்துதவன் அவன் ஒருத்தன்தான். இதைப் பாருங்க, இடத்தாலே சுத்திருக்கு. இதையும் பாருங்க.” பெட்டி பெட்டியாகத் தொட்டுக்கொண்டே போனார். எல்லாம் இடப்பக்கம். “முந்தாநேத்து பிடிச்ச மீனைச் செத்துப்போனவன் எப்படி சாரே கெட்டுவான்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டார். சாக்குத்துணி சுற்றிய பெட்டியின் முன் நின்று, தொடாமல் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன்.

அதே வெள்ளைக் கயிறு. அதே முடிச்சு. இடப்பக்கச் சுற்று. ஒன்று இரண்டல்ல, தலையிலிருந்து கால் வரை விரல் வைக்க இடமில்லாமல் வரிசையாக முடிச்சுகள். ஒரு பெட்டியைக் கட்ட இத்தனை முடிச்சு யாருக்கும் தேவையில்லை.

“செத்தவன் தனக்க பெட்டியைத் தானே கெட்டிட்டு வருவானா சாரே?”

நான் என்னைப் பகுத்தறிவுவாதி என்று சொல்லிக்கொள்கிறவன். காலையில் ராகுகாலம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் பகுத்தறிவைத் தொடங்குவேன் என்றாலும், நல்ல நேரத்தில் நல்ல பகுத்தறிவுவாதி. ஆனால் அந்த வராந்தாவில், காலைச் சுற்றிப் புகை நகர, என்னை அறியாமல் பெட்டியிலிருந்து இரண்டடி பின்வாங்கினேன்.

அவர் கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது. தம்பி உயிரோடு இருக்கிறான். முந்தாநாள் மீன்பெட்டி கட்டியிருக்கிறான். கூட வேலை செய்த வேறு எவனோ இறந்துபோய், அவனுடைய பெட்டியையும் தம்பிதான் கட்டியிருக்கிறான். பாஸ்போர்ட் மாறிப் பெயர் மாறிவிட்டது. இந்தப் பெட்டிக்குள் இருப்பது வேறு யாரோ. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று சொல்கிற அளவுக்கு எனக்குக் காகிதங்கள்மேல் நம்பிக்கையும் இல்லை. காகிதங்களை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன்.

கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். மலையாளி. தமிழ்த் தொடர்களைப் பார்த்துத் தமிழ் கற்றவர், அதனால் கொஞ்சம் உணர்ச்சியாகவே பேசுவார்.

“எந்தா சாரே, இன்னும் சைன் போடல்லையா? ரோட்டுல வெள்ளம் கேறுது. ஆம்புலன்ஸ் பிறகு போகாது கேட்டோ.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் அண்ணன். “பெட்டியைத் திறந்து காட்டுங்க.”

“அய்யோ, இங்கே திறக்கப் பற்றில்ல அண்ணா. வீட்டுல போய்த் திறக்கலாம். இங்கே சைன் இல்லைன்னா பாடி திரும்ப மார்ச்சுவரிக்குப் போகும். பிறகு போலீஸ், எம்பசி, எத்தர நாள் ஆகும் தெரியுமா?”

“வீட்டுலயா?” அவர் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “அம்மைக்கு இன்னும் சொல்லல்ல. ஆஸ்பத்திரியிலே இருக்கான், கொண்டுவாறோம்னுதான் சொல்லி வச்சிருக்கு. வேற எவனையோ கொண்டு அவளுக்கு முன்னால வைக்கவா? உயிரோட இருக்குத பிள்ளைக்கு அவ ஒப்பாரி வைக்கணுமா? இல்லே, இந்தப் பெட்டிக்குள்ள கெடக்கவனுக்கு ஒரு அம்மை இருப்பாள்லா, அவ என்ன செய்வா?”

அந்த அம்மாவின் முகம் மாறியது. சுகாதார அதிகாரி அனுமதித்தால் திறக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் காதருகில், “சாரே, எனக்குப் பேடியாகுது” என்றார். எனக்கும் பயம்தான் என்று சொல்ல ஆண்பிள்ளைத்தனம் தடுத்தது.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. மாலத்தீவில் அந்த ஷெட்டின் தலைவருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை நேரம். அந்த நேரத்தில் அந்த நாட்டில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். கடலுக்கு அப்பால் ஆளில்லாத ஷெட்டில், மீன்களுக்கு நடுவே ஒரு போன் அடித்துக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்தேன். கற்பனை செய்திருக்கக் கூடாது.

மின்சாரம் போயிற்று.

ஜெனரேட்டர் வருவதற்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம் நீளமானது. தகரக் கூரையில் மழை கொட்டியது. வராந்தாவில் நான், அவர், இரண்டு வகைப் பெட்டிகள். இருட்டில் இரண்டும் ஒரே வகை.

அப்போது கேட்டது. டொக், டொக்.

“ஐஸ்” என்றேன் உடனே. “ஐஸ் உருகிக் கீழே இறங்கும்போது பெட்டிக்குள் இப்படித்தான் சத்தம் வரும்.” இது உண்மை. பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டாக, இவ்வளவு ஒழுங்காக, ஒரு விருந்தாளி கதவைத் தட்டுகிற பதவிசோடு கேட்டது இல்லை.

அவர் எழுந்து நின்றது நிழலாகத் தெரிந்தது. “ரெண்டு தட்டு” என்றார். “கேட்டியளா சாரே?”

“ஐஸ்தான்.”

“எங்க வீட்டுல சாமானைக் கெட்டி முடிச்சா, ரெண்டு தட்டு தட்டுவோம். கடலுக்குப் போறவன்கிட்டப் ‘போயிட்டு வா’ன்னு வாயாலச் சொல்லப்பிடாதுன்னு எங்க அப்பன் சொல்லுவாரு. சொன்னா கடலு கேட்டுக்கிடுமாம். அதனால கட்டையில ரெண்டு தட்டு. போயிட்டு வான்னு அர்த்தம். இவன் மாலத்தீவுக்குப் போற அன்னைக்கு, பஸ்சுல ஏத்துன பெட்டியைக் கெட்டி, நான்தான் தட்டுனேன்.”

ஐஸ் என்று மூன்றாவது முறை சொன்னால் எனக்கே நம்பிக்கை போய்விடும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லவேண்டுமானால், அந்த இருட்டில் நானும் அவர் கட்சிக்குப் போய்விட்டேன். பெட்டிக்குள் வேறு யாரோ இருக்க வேண்டும், இவருடைய தம்பி எங்கோ ஒரு தீவில் மீன் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று, முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக, பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

விளக்கு வந்தது. சுகாதார அதிகாரியும் வந்தார். காகிதங்களைப் பார்த்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பக்கத்து அறையில் வைத்துத் திறக்கலாம் என்றார். நான் முகவர் என்பதால் உடனிருக்க வேண்டுமாம். இப்படி ஒரு ஷரத்து என் உத்தியோகத்தில் இருப்பது அன்றுதான் தெரியும்.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். கயிற்றை அறுக்கக் கத்தியோடு ஒருவர் வந்தார். “அறுக்கப்பிடாது” என்றார் அண்ணன். முடிச்சில் கை வைத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க இழுங்க சாரே. என்னால ஆகல்ல.”

மீன்பெட்டியை விரல்நுனியால்கூடத் தொடாதவன் நான். வீட்டில் குப்பியின் மூடி இறுகிவிட்டால்கூட மனைவிதான் திறப்பாள். அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தேன். இவ்வளவு நேரம் காத்திருந்ததுபோல முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில். எத்தனை இழுத்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து யாரோ எனக்குச் சுலபமாக்கித் தருவதுபோல இருந்தது. சாக்குத்துணி விலகியது. பணியாள் மூடியின் திருகாணிகளைக் கழற்றினார்.

கண்ணை மூடிக்கொள்வது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். மூட முடியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெட்டியை அல்ல. அந்த முகத்தில் பதில் வரும் என்று காத்திருந்தேன்.

அவர் குனிந்து, வெள்ளைத் துணியைக் கொஞ்சம் விலக்கி, இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“அவன்தான்.”

அழவில்லை. மேற்பார்வையாளர் அம்மாதான் அழுதார். கொஞ்சம் கழித்து அண்ணன் என் பக்கம் திரும்பி, கிட்டத்தட்ட ரகசியமாகக் கேட்டார்: “அப்பம் இதை ஆரு சாரே கெட்டுனது?”

அதுவரை எனக்கு இருந்தது பயம் என்றால், இது வேறு. அவன் உயிரோடு இருந்திருந்தால் முடிச்சுக்குக் காரணம் இருந்திருக்கும். அவன் இங்கே படுத்திருக்கிறான். மீன் வெளியே இருக்கிறது. நடுவில் இருக்கும் கைகள் யாருடையவை?

என் போன் அடித்தது. மாலத்தீவு எண். துள்ளி விழுந்ததில் அவிழ்ந்த கயிறுகள் காலில் சுற்றி, கிட்டத்தட்ட அதிகாரியின் மேல் சாய்ந்தேன்.

ஷெட்டின் தலைவர்தான். தொழுகை முடிந்து வந்து, விடுபட்ட அழைப்பைப் பார்த்திருக்கிறார். வைத்தியத்துக்கு அந்த நாட்டுக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து வந்து, பலருக்கு ஓரளவு மலையாளம் வரும். இவருக்கும் வரும். நான் கேட்டேன், பெட்டிகளை யார் கட்டியது என்று.

அவர் சொன்னதை அண்ணனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் பிளாஸ்டிக் பட்டை போட்டுத்தான் அனுப்புவார்களாம். பட்டை அட்டையைக் கிழித்து, ஐஸ் கொட்டி, வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்துகொண்டே இருந்ததாம். இந்தப் பையன் வந்து, ஒரு நாள் சும்மா தன் போக்கில் கயிற்றால் கட்டிக் காட்டியிருக்கிறான். புகார் நின்றுவிட்டது. அதோடு, விறைத்த விரலால்கூட ஒரே இழுப்பில் திறக்க முடிகிறது, இதை மாற்றாதீர்கள் என்று ஐரோப்பாவிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து ஷெட்டில் எல்லோரும் அவனிடம் கற்றுக்கொண்டு, அவனைப் போலவே கட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

“அவன் இடது கை ஆயிற்றே?” என்றேன்.

ஆமாம், அதற்கென்ன என்றார் அவர். பக்கத்தில் நின்று அவன் கை எப்படிப் போகிறதோ அப்படியே கற்றோம். எங்களுக்கு இந்தக் கட்டு இடது கையால்தான் வரும். வலது கையால் கட்டத் தெரியாது.

பிறகு, காட்டட்டுமா என்று கேட்டு, வீடியோவுக்கு மாறினார். போனை அண்ணனின் கையில் கொடுத்தேன். தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

நீளமான வெள்ளை ஷெட். தொழுகை முடிந்து அப்போதுதான் வேலை தொடங்கியிருந்தது. தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் கவசம், கண் மட்டும் தெரிகிற ஆட்கள். வங்காள தேசத்துக்காரர்கள், இலங்கைக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள் என்று அவர் சொன்னார். பார்வைக்கு எல்லோரும் ஒருவரேதான். ஒவ்வொருவரும் நீளப் பெட்டியின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது கையால் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். இழுத்ததும், ஒருவர்பின் ஒருவராகப் பெட்டியில் தட்டினார்கள். டொக், டொக். டொக், டொக். ஷெட் முழுக்க அந்தச் சத்தம்.

அண்ணன் போனை முகத்தருகே கொண்டுபோனார். “முட்டுக்காலை ஊணுதது அவன்தான்” என்றார். “தலையைச் சாய்க்குததும் அவனேதான். சின்னப்பிள்ளையில காது வலிச்சு, அப்படியே பழகிட்டு.”

திரையில் அவருடைய தம்பி, ஒரே நேரத்தில் முப்பது இடத்தில், மீன் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெட்டிக்குள் ஒரே இடத்தில் படுத்திருந்தான். இதில் எதைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியில் ஏன் அத்தனை முடிச்சு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆளுக்கு ஒன்று போட்டோம் என்றார் ஷெட்டின் தலைவர். நானும் ஒன்று போட்டேன். தலைமாட்டில், கொஞ்சம் கோணலாக இருக்கும்.

மூடியைத் திரும்பத் திருகினார்கள். சாக்குத்துணியைச் சுற்றினார்கள். கயிறு கட்ட வந்த பணியாளை விலக்கிவிட்டு அண்ணனே உட்கார்ந்தார். வலது கைக்காரர். கயிற்றை இடது கையில் எடுத்தார். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று, அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார். கடைசியில் முடிச்சு விழுந்தது. இடப்பக்கம். கையைப் பெட்டியின் மேல் உயர்த்தினார். நாங்கள் எல்லோரும் அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தோம்.

தட்டவில்லை. கையை அப்படியே மூடியின் மேல் படுக்க வைத்தார்.

“இதுக்குத் தட்டப்பிடாது சாரே” என்றார். “போறவன் திரும்பி வரணும்னு தட்டுத தட்டு அது. இவன் வந்துட்டாம்லா.”

கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் வெள்ளத்தில் நிதானமாக நகர்ந்து போயிற்று. மேலே போகும் விமானத்துக்கு அழைப்பு வந்து, மீன்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வழக்கம்போலக் கொல்லைக் கதவருகே வாளியோடு நின்றாள்.

“ஏன்னா, இன்னிக்கு எது? மீனா, மத்ததா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தவள் அதற்குமேல் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மொதல்ல உள்ள வாங்கோ, காப்பி குடிங்கோ” என்றாள். எங்கள் வீட்டு வரலாற்றில் அப்படி ஒரு சலுகை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மீன் இப்போதும் வருகிறது. நான் இன்னும் அதன் ருசி அறியாதவன், துண்டறிக்கையும் அதேதான். எந்தக் கடல், எந்தப் படகு என்று எல்லாம் அதில் இருக்கிறது. எந்தக் கை என்பதற்கு மட்டும் இடம் இல்லை. எங்கோ ஒரு குளிர்நாட்டுச் சமையலறையில் யாரோ ஒரே இழுப்பில் அந்த முடிச்சை அவிழ்க்கும்போது, குளச்சல் பக்கத்து இடது கை ஒன்று அவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பது அவருக்குத் தெரியப் போவதில்லை. மழைநாட்களில் அந்த வராந்தாவில் தனியாக நிற்கும்போது பெட்டிக்குள்ளிருந்து சில சமயம் டொக், டொக் என்று கேட்கும். ஐஸ் இறங்குகிறது, அவ்வளவுதான், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அக்கம்பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு தட்டு தட்டாமல் ஒரு பெட்டியையும் நான் மேலே அனுப்புவதில்லை.